விசுவாச அறிக்கையும் வரவு செலவுக் கணக்கும்: சென்னையின் மேற்குப் புறநகர்ச் சபைகளை முன்வைத்து

திருமுல்லைவாயிலைத் தேவாரம் படித்தவர்கள் சுந்தரர் பாடிய தலமாக அறிவார்கள். மாசிலாமணீசுவரர் கோயிலும் தொண்டைமான் கதையும்தான் அந்த ஊரின் பழைய அடையாளம். புதிய அடையாளத்தைத் தந்தவை ஆலைகள். 1949இல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள், 1960களில் எழுந்த அம்பத்தூர் தொழிற்பேட்டை, 1965இல் முதல் விஜயந்தா டாங்கியை வெளியே அனுப்பிய ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலை, பாடியைச் சுற்றிய கம்பெனிகள் எல்லாம் சேர்ந்து சென்னை–திருவள்ளூர் நெடுஞ்சாலையான சி.டி.எச். சாலையின் இருபுறத்தையும் குடியிருப்பாக்கின. வேலைக்கு வந்தவர்களில் நெல்லை, தூத்துக்குடி, குமரி மாவட்டத்துக் கிறிஸ்தவர்கள் கணிசம். வட ஆற்காடு, செங்கல்பட்டுப் பக்கத்துத் தலித் கிறிஸ்தவக் குடும்பங்களும் வந்தன. வந்தவர்கள் வாடகை வீட்டின் முன்னறையில் ஜெபக்கூட்டம் வைத்தார்கள். அது மொட்டைமாடிக் கொட்டகையாகி, ஆஸ்பெஸ்டாஸ் கூடமாகி, சில இடங்களில் கோபுரம் வைத்த ஆலயமும் ஆயிற்று.

இன்று அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடையே ஒரு ஞாயிறு காலை நடந்தால் தென்னிந்தியத் திருச்சபை, கத்தோலிக்கம், லுத்தரன், மெதடிஸ்ட், இந்திய சுவிசேஷத் திருச்சபை (இ.சி.ஐ.), அசெம்பிளிஸ் ஆஃப் காட், சகோதர சபை, தனிப் பெந்தெகொஸ்தே சபைகள் என்று ஒன்றன்பின் ஒன்றாக ஆராதனைகள் காதில் விழும். ஒவ்வொன்றும் மூன்று கேள்விகளுக்கு விடை வைத்திருக்கிறது. எதற்காக இருக்கிறோம், எதை நம்புகிறோம், எவற்றைப் பெரிதாக மதிக்கிறோம்? ஞானஸ்நான வகுப்பிலும், ஆண்டுவிழா மலரிலும், பதிவு செய்த அறக்கட்டளைப் பத்திரத்திலும் அந்த விடைகள் எழுத்தில் இருக்கின்றன. அருகருகே வைத்துப் படித்தால் பெரும்பகுதி ஒரே வாசகம். வேறுபாட்டை அறிய வேண்டுமானால் அந்தத் தாளை மூடிவைத்துவிட்டு வேறு மூன்றைக் கேட்க வேண்டும் என்பது என் எண்ணம். பணம் எங்கிருந்து வருகிறது, காசோலையில் கையெழுத்துப் போடுபவர் யார், ஊழியத்துக்கு யாரை எங்கே அனுப்புகிறார்கள்? இந்தக் கட்டுரை அந்த வழியிலேயே போகிறது.

முதலில் விசுவாசம். கோபுரம் வைத்த சபைகளில் ஞாயிறுதோறும் எழுந்து நின்று சொல்லும் விசுவாசப் பிரமாணங்கள் இரண்டு: அப்போஸ்தலர் பிரமாணம், நிசேயா பிரமாணம். 325இல் நிசேயாவில் கூடிய ஆயர்கள், குமாரன் பிதாவுக்குச் சமமானவரா, படைக்கப்பட்டவரா என்ற சண்டையைத் தீர்க்க எழுதியதன் விரிவாக்கமே பின்னது. பிரமாணத்தின் ஒவ்வொரு அடியும் ஒரு பழைய சண்டையின் தழும்பு. அதை இன்று நிதானமாக ஓதுகிறவர்களுக்கு அந்தக் காயம் நினைவில் இல்லை, அவ்வளவுதான்.

பெந்தெகொஸ்தே சபையார், நாங்கள் பிரமாணங்களை நம்பி இல்லை, வேதத்தை மட்டுமே நம்பியிருக்கிறோம் என்பார்கள். அசெம்பிளிஸ் ஆஃப் காட் 1914இல் அமெரிக்காவில் தொடங்கியபோதும் அதையே சொன்னது. தனியாக ஒரு பிரமாணம் வேண்டாம் என்று முடிவெடுத்தது. இரண்டே ஆண்டுகளில், திரித்துவத்தை மறுத்து இயேசுவின் நாமத்தில் மட்டும் ஞானஸ்நானம் கொடுக்க வேண்டும் என்ற கூட்டம் உள்ளுக்குள் கிளம்பியது. இன்று பதினாறாக எண்ணப்படும் அடிப்படைச் சத்தியங்களை 1916இல் எழுத வேண்டியதாயிற்று. நிசேயாவில் நடந்தது அப்படியே மறுபடி நடந்தது. நம் புறநகர்ச் சபைகளில் காணும் விசுவாச அறிக்கைகள் பலவற்றில் அந்தப் பதினாறின் சாயல் தெரியும்: வேதம் தேவ ஆவியால் அருளப்பட்டது, தேவன் திரியேகர், விசுவாசத்தால் இரட்சிப்பு, முழுக்கு ஞானஸ்நானம், அந்நிய பாஷை அடையாளத்தோடு ஆவியின் அபிஷேகம், தெய்வீக சுகம், இரண்டாம் வருகை.

எழுதி வைப்பதை இன்னும் தீவிரமாக மறுத்தவர்களும் சென்னையில் உண்டு. பஞ்சாபிலிருந்து வந்த பக்த் சிங், பல்லாவரம் மலையில் ஓர் இரவு முழுவதும் நடந்த ஜெபத்துக்குப் பிறகு 1941இல் சென்னையில் யெகோவா ஷம்மா சபையைத் தொடங்கினார். அப்போஸ்தலர் நடபடிகள் 2:42இல் சொல்லியுள்ள உபதேசம், ஐக்கியம், அப்பம் பிட்குதல், ஜெபம் ஆகிய நான்குமே அவர்களுக்குப் போதுமான ஒழுங்கு. சம்பளம் வாங்கும் போதகர் கிடையாது. ஆராதனை முடிந்து எல்லோரும் தரையில் உட்கார்ந்து சேர்ந்து உண்ணும் அன்பின் விருந்து உண்டு. இங்கே நடைமுறையே அறிக்கை.

பெந்தெகொஸ்தே மிஷன் இன்னொரு கோடி. 1924இல் இலங்கையில், கேரளத்தில் பிறந்த பாஸ்டர் பால் தொடங்கியது அது. இன்று அதன் மையம் தாம்பரத்தை ஒட்டிய இரும்புலியூர். ஊழியர்கள் மணம் முடிக்காமல், வெள்ளை உடுத்தி, விசுவாச வீடுகளில் பொதுவுடைமையாக வாழ்கிறார்கள். நோய்க்கு மருந்து எடுப்பதில்லை. இந்தக் கடைசிக் கொள்கையோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் நம்பியதை உடம்பாலேயே நடத்திக்காட்டும் சபைகளில் அது ஒன்று என்பதை மறுக்க முடியாது.

விசுவாச வாசகம் ஒன்றாக இருந்தும் சபைகள் ஏன் பிரிந்தன, ஏன் சேர்ந்தன என்று பார்த்தால் அதிகாரம்தான் கண்ணில் படும். 1857இல் நெல்லைச் சீமையின் பிரகாசபுரத்தில் அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை, வெள்ளை மிஷனெரியோடு முட்டிக்கொண்டு, ஐரோப்பியர் மேலாண்மை இல்லாத சபையைத் தொடங்கினார். சனிக்கிழமை ஓய்வுநாள் போன்ற பழைய ஏற்பாட்டு முறைகள் பின்னர் அதன் தனி அடையாளங்களாயின. ஆனால் கிளம்பிய இடம் யார் சொல்வதை யார் கேட்பது என்பதுதான். 1886இல் சென்னையில் டாக்டர் புல்னி ஆண்டி தேசியத் திருச்சபை ஒன்றை நிறுவினார். வெளிநாட்டுச் சங்கங்களின் பெயரால் இந்தியக் கிறிஸ்தவர்கள் ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், லுத்தரன் என்று பிரிந்து கிடக்க வேண்டியதில்லை என்பது அவர் வாதம். வாதம் சரியானது. மிஷன் சம்பளத்தில் வாழ்ந்தவர்கள் அதில் சேரத் தயங்கினார்கள், அது பெரிதாக வளரவில்லை. கொள்கை எவ்வளவு உயர்ந்ததாக இருந்தாலும் சம்பளப் பட்டியல் அதைவிடப் பலமானது என்பதற்கு இதுவே நம்மூர்ச் சான்று.

சேர்ந்த கதை 1919இல் தரங்கம்பாடியில் தொடங்குகிறது. 1706இல் சீகன்பால்க் இறங்கிய அதே ஊர். அங்கே கூடிய ஊழியர்களில் பெரும்பாலோர் இந்தியர்கள். முன்னின்றவர் வேதநாயகம் சாமுவேல் அசரியா. கிராமத்தில் நற்செய்தி சொல்லப் போகிறவன், நீ எந்தச் சங்கம் என்ற கேள்விக்குப் பதில் சொல்லி முடிப்பதற்குள் கேட்டவன் போய்விடுகிறான் என்பது அவர்கள் கண்ட நடைமுறைத் தொல்லை. ஒற்றுமை அவர்களுக்கு ஊழியத்தின் தேவையாக இருந்தது. விசுவாசத்தில் உடன்பாடு சீக்கிரம் வந்தது. பேராயர் வேண்டுமா, ஏற்கெனவே பேராயர் கைவைக்காமல் குருப்பட்டம் பெற்றவர்களை என்ன செய்வது என்ற பேச்சே ஆண்டுக்கணக்கில் இழுத்தது. இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து, நாடு விடுதலை பெற்று ஆறு வாரங்களில், 1947 செப்டம்பர் 27 அன்று சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை பிறந்தது. ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன், காங்கிரிகேஷனல் மரபுகள் ஒரே அமைப்புக்குள் வந்தன. ஏற்கெனவே 1919இல் உருவாகியிருந்த தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை உள்ளே வரவில்லை, இன்றும் தனியாகவே இருக்கிறது.

இனி நோக்கம். சபையின் நோக்கம் எது என்ற கேள்வியைத் தமிழ் நிலத்தில் மிகத் தெளிவாக எழுப்பியவரும் அசரியாவே. 1874இல் வெள்ளாளன்விளையில் பிறந்தவர். 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தையும், 1905இல் செராம்பூரில் தேசிய மிஷனெரி சங்கத்தையும் தொடங்கியவர்களில் முதன்மையானவர். இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்ற மூன்றும் அந்த முயற்சிகளின் அடித்தளம். நெல்லைக் காணிக்கையில் தெலுங்கு நாட்டின் தோர்ணக்கல்லுக்கு ஊழியர்கள் போனார்கள். 1912இல் அதே தோர்ணக்கல்லுக்கு அசரியா பேராயரானார். ஆங்கிலிக்கன் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயர் அவர். அதற்கு இரண்டாண்டு முன், 1910இல் எடின்பரோவில் கூடிய உலக மிஷனெரி மாநாட்டில், ஏழைகளுக்கு உணவளிக்கப் பொருளையும் சுட்டெரிக்கத் தங்கள் உடலையும் கொடுத்த மேலைநாட்டார் இனி நண்பர்களையும் தர வேண்டும் என்று அவர் கேட்டது அரங்கில் பலருக்கு உறைத்தது. தியாகம் செய்த மிஷனெரிகூட இந்தியனைத் தன் மேசையில் சமமாக உட்கார வைக்கத் தயங்குகிறான் என்பதே அதன் உட்பொருள்.

1938 டிசம்பரில் அந்த விவாதம் சென்னைப் புறநகருக்கே வந்தது. சர்வதேச மிஷனெரி மன்றம் தாம்பரத்தில், சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் புதிய வளாகத்தில் கூடியது. ஐரோப்பா, ஆப்பிரிக்கா, சீனா, ஜப்பான் என நாலாபக்கத்திலிருந்தும் நானூறுக்கு மேற்பட்ட பேராளர்கள் வந்திருந்தார்கள். மாநாட்டுக்கென்றே டச்சு அறிஞர் ஹெண்டிரிக் கிரேமர் ஒரு நூல் எழுதியிருந்தார். தேவன் தந்த வெளிப்பாட்டையும் மனிதர் கட்டிய சமயங்களையும் கூர்மையாகப் பிரித்தார் அவர். சென்னை நண்பர்கள் சிலர் அதற்குப் பதிலாக ஒரு தொகுப்பு நூலையே அதே ஆண்டு வெளியிட்டார்கள். பி. செஞ்சையா, வி. சக்கரை, ஜி.வி. ஜோப் அதில் முக்கியமானவர்கள். செஞ்சையா புதுக்கோட்டையில் நீதிபதியாக இருந்தவர். சக்கரை தொழிற்சங்கவாதி, பின்னர் சென்னை மேயர். கிறிஸ்துவை ஏற்பதும் மேலைநாட்டுச் சபை அமைப்பை ஏற்பதும் ஒன்றல்ல, சபையை நடுவில் வைத்து மிஷனை அளக்காதீர்கள் என்பது அவர்கள் நிலை. இந்த இருவரும் அப்போது சபைச் சம்பளத்தில் இல்லாதவர்கள் என்பதையும் இங்கே கவனிக்க வேண்டும். அதனால்தான் அவ்வளவு துணிந்து பேச முடிந்தது என்று நினைக்கிறேன். எண்பது ஆண்டுக்கும் மேலாகியும் நம் சபைகளின் ஞானஸ்நான வகுப்புகளில் அவர்கள் பெயர் வருவதில்லை.

மேற்குப் புறநகருக்குத் திரும்புவோம். அம்பத்தூரில் தலைமையகம் வைத்திருக்கிறது நண்பர்கள் சுவிசேஷ ஜெபக்குழு. நோக்கமும் மதிப்பும் கணக்குப் புத்தகத்தில் எப்படித் தெரியும் என்பதற்கு இதைவிட நல்ல சான்று அருகில் இல்லை. 1950களின் கடைசியில் நெல்லைப் பக்கம் விடுமுறை வேதாகமப் பள்ளிகளில் ஆர்வம் கொண்ட இளைஞர்கள் சின்னச் சின்ன ஜெபக்குழுக்களாகக் கூடினார்கள். சாம் கமலேசன், எமில் ஜெபசிங் போன்றவர்கள் வழிநடத்தினார்கள். ஜெபம் செய்துகொண்டே இருந்தவர்கள், நாமே ஏன் ஆள் அனுப்பக்கூடாது என்று கேட்டதன் விளைவாக 1967இல் தமிழ்நாட்டின் பெரியமலைக்கு முதல் மிஷனெரி போனார். 1970களில் வட இந்தியா. குஜராத்தின் பழங்குடிகள், ராஜ்மகால் மலைகளின் மால்டோ மக்கள் எனப் பரவியது. வெளிநாட்டுப் பணத்தை நம்பாமல் ஊர் ஊராக இருக்கும் ஜெபக்குழுக்களின் காணிக்கையில் நடப்பது அதன் கொள்கை. மாதச் சம்பளக்காரர், ஆசிரியை, பென்ஷன் வாங்குகிறவர் என்று ஆளுக்கொரு தொகை. அம்பத்தூர் தொழிற்பேட்டையின் பகல் ஷிப்டும் மறைமுகமாக ராஜ்மகால் மலைக்குப் படியளந்தது என்று சொல்லலாம்.

அதைவிட முக்கியமானது இன்னொரு முடிவு. மிஷனெரிகள் உருவாக்கிய சபைகளுக்கு இவர்கள் தங்கள் பெயரை வைப்பதில்லை. வட இந்தியத் திருச்சபை போன்ற அந்தந்த வட்டாரத்துத் திருச்சபைகளோடு இணைத்துவிடுவது வழக்கம். பலகை மாட்டும் ஆசை இல்லாத ஊழியம் நம் காலத்தில் அபூர்வம். இதில் குறைகாண்பவர்களும் உண்டு. பழங்குடிப் பண்பாட்டின்மீது தெற்கத்திய சபை வழக்கங்கள் ஏறி உட்கார்ந்தன, தமிழ்ப் பாட்டின் மெட்டும் தமிழ்ச் சபை ஒழுங்கும் மலையேறின என்ற விமர்சனத்தை எளிதில் ஒதுக்க முடியாது. வெள்ளையரிடம் அசரியா கேட்ட நட்பை, மலைவாழ் மக்கள் தெற்கத்தியரிடம் கேட்கலாம்.

சுவிசேஷம் சொல்வதா, சமூகப் பணியா என்ற சண்டை ஒருகாலத்தில் உலகெங்கும் கடுமையாக இருந்தது. 1974இல் சுவிட்சர்லாந்தின் லோசானில் கூடிய மாநாட்டின் உடன்படிக்கை இரண்டும் கிறிஸ்தவனின் கடமை என்று எழுதியபின் ஓரளவு தணிந்தது. அதே ஆண்டுவரை சென்னைப் பேராயராக இருந்த லெஸ்லி நியூபிகின் இந்தப் பிரிவினையையே ஏற்றதில்லை. இங்கே மேற்குப் புறநகரில் அது விவாதமாகவே எழவில்லை. வெள்ளம் வந்தபோது எந்தச் சபையும் அறிக்கையைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சோறு பொங்கவில்லை.

மதிப்புகளுக்கு வருவோம். இங்கேதான் தாளுக்கும் தெருவுக்கும் இடைவெளி அதிகம். கிறிஸ்துவுக்குள் எல்லோரும் ஒன்று என்பதை எழுதாத சபை இல்லை. 1833இல் கல்கத்தா பேராயர் டேனியல் வில்சன், ஆலயத்துக்குள் சாதி வேற்றுமை கூடாது என்று கண்டிப்பான ஆணை பிறப்பித்தபோது சென்னை வேப்பேரியிலும் தஞ்சாவூரிலும் பலர் சபையைவிட்டே வெளியேறினார்கள். தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் அதற்கு முன்பே சாதி வழக்கத்தைக் காத்து எழுதியிருந்தார். அவர் பாட்டுகளைப் பாடும் சபைகள் இந்தப் பக்கத்தை மறந்துவிட வசதியாக இருக்கிறது. பெருநகரம் வந்ததும் சாதி போய்விட்டதா என்றால், கல்லறையில் தனிச்சுவர் வேண்டுமானால் இங்கே இல்லை. திருமண விளம்பரத்தையும் பேராயத் தேர்தல் கூட்டணியையும் பார்த்தால் அது பத்திரமாக இருப்பது தெரியும்.

இதற்கு எதிரான குரலும் சபைக்குள்ளிருந்தே வந்தது. கீழ்ப்பாக்கம் குருகுல் லுத்தரன் இறையியல் கல்லூரியில் அரவிந்த் நிர்மல் தலித் இறையியலுக்குத் தனித்துறை நடத்தினார். தென்னிந்தியத் திருச்சபையின் சென்னைப் பேராயர்களாக இருந்த மா. அசரியாவும் வி. தேவசகாயமும் அந்தச் சிந்தனையை முன்னெடுத்தவர்கள். மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பரட்டை என்று அழைக்கப்பட்ட தியோபிலஸ் அப்பாவு, நாட்டுப்புற மெட்டில் வழிபாட்டையே திருப்பி எழுதினார். எல்லா வீட்டுச் சோறும் ஒரே உலையில் வேக வேண்டும், அதுவே திருவிருந்தின் பொருள் என்பது அவர் இறையியலின் மையம். அரசின் கணக்கிலும் இந்தக் கேள்வி தொங்குகிறது. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி மதம் மாறிய தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதியாகக் கருதப்படுவதில்லை. தமிழ்நாட்டில் பிற்பட்டோர் பட்டியலில் வருகிறார். சபையும் சரி, சட்டமும் சரி, அவரை முழுதாக ஏற்கவில்லை.

பெண்கள் விஷயமும் அப்படியே. தென்னிந்தியத் திருச்சபை பெண்களுக்குக் குருப்பட்டம் கொடுத்தது, 2013இல் புஷ்பலலிதா நந்தியால் பேராயரானார். தனிச் சபைகளில் 'பாஸ்டர் அம்மா' பெண்கள் கூட்டம் நடத்துவார், உபவாச ஜெபம் நடத்துவார், வீடு வீடாகப் போய் நோயாளிக்காக ஜெபிப்பார். வங்கிக் கணக்கில் அவர் கையெழுத்து இருக்கிறதா என்று கேட்டால் பதில் சபைக்குச் சபை மாறும். இருக்கிற இடத்தில்கூட அது வருமானவரி ஆலோசகர் சொன்னதால் வந்ததாக இருக்கும்.

தனிச் சபையின் அமைப்பை இகழ்ச்சியாகப் பார்ப்பது பெரிய சபைக்காரர்களிடம் உள்ள பழக்கம். நியாயமில்லை. போதகர் தன் நகையை விற்று இடம் வாங்கியிருப்பார், இருபது ஆண்டு சம்பளம் இல்லாமல் ஊழியம் செய்திருப்பார். சென்னையில் 1973இல் விரல்விட்டு எண்ணக்கூடிய ஆட்களோடு பாஸ்டர் டி. மோகன் தொடங்கிய புதுவாழ்வு சபை, பல்லாயிரம் பேர் கூடும் இடமானது இந்தத் தலைமுறை கண்முன்னே நடந்தது. சிக்கல் வளர்ச்சியில் இல்லை, வாரிசில் இருக்கிறது. அறக்கட்டளையில் கணவர், மனைவி, மைத்துனர் என்று மூன்று பேர் இருந்தால் அடுத்த போதகர் யார் என்பதை அறிய ஜெபம் தேவைப்படாது. பெரிய சபைகளில் இதற்கு மாற்றாகத் தேர்தல் இருக்கிறது. அந்தத் தேர்தலின் வழக்குகள் உயர்நீதிமன்றத்தில் வரிசை கட்டி நிற்கின்றன. இரண்டில் எது மேல் என்று என்னைக் கேட்டால், வழக்குப் போட இடமிருக்கும் அமைப்பே மேல் என்பேன். உறுப்பினருக்குக் கேள்வி கேட்க உரிமை இருந்தால்தானே வழக்கு வரும்.

சட்டத்தின் அழுத்தமும் இந்த அறிக்கைகளின் மொழியை மாற்றியிருக்கிறது. அரசியல் சட்டத்தின் 25ஆம் பிரிவு சமயத்தைப் பரப்பும் உரிமையைத் தருகிறது. 1977இல் ஸ்டெனிஸ்லாஸ் வழக்கில் உச்சநீதிமன்றம், பரப்பும் உரிமை என்பது பிறரை மதம் மாற்றும் உரிமையாகாது என்றது. தமிழ்நாட்டில் 2002இல் கட்டாய மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தது, 2004 தேர்தலுக்குப் பின் திரும்பப் பெறப்பட்டது. அதற்குப் பிறகு எழுதப்பட்ட நோக்கப் பட்டியல்களில் 'ஆத்தும ஆதாயம்' குறைந்து 'சமூக மேம்பாடு', 'மனிதநேயப் பணி' கூடியிருப்பதைக் காணலாம். எல்லாம் தந்திரம் என்று சொல்ல மாட்டேன். பயமும் பக்குவமும் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும்.

இப்போது அம்பத்தூர் தொழிற்பேட்டையின் ஷிப்ட் முடியும் நேரத்தில் கேட்கும் மொழி இந்தி, ஒடியா, போஜ்புரி. ஜார்க்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வருகிற தொழிலாளர்களில் கிறிஸ்தவப் பழங்குடி இளைஞர்களும் இருக்கிறார்கள். எந்த மக்களைத் தேடி அம்பத்தூரிலிருந்து ஆள் அனுப்பினார்களோ, அந்த மக்களின் பிள்ளைகள் அறைக்கு எட்டுப் பேராக அடுத்த தெருவில் தங்கியிருக்கிறார்கள். சென்னையில் சில சபைகள் இந்தி ஆராதனை தொடங்கியிருக்கின்றன. பெரும்பாலும் மதியம், தமிழ் ஆராதனைகள் முடிந்து கூடம் காலியான பிறகு. கிறிஸ்துமஸுக்குப் போர்வையும் பிரியாணியும் தவறாமல் கொடுக்கிறார்கள். சபையின் வாக்காளர் பட்டியலில் அவர்கள் பெயர் ஏறுவதற்குச் சந்தாவும் நிலையான முகவரியும் வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளிக்கு முதலாவது முடியும், இரண்டாவது முடியாது. அந்த விதியை மாற்ற ஒரு தீர்மானம் போதும். தனிச் சபையில் அதுகூட வேண்டாம், போதகர் ஒருவர் மனம் வைத்தால் நடக்கும்.